ஒரே கிராமத்தில் தங்கி மூன்று நாள் மெதுவாகச் சைக்கிள்: இங்கிலாந்தில் எங்கே போகலாம்?

மெதுமிதி | ஏப்ரல் 14, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறோம். இத்தனை காலத்தில் இந்த நாட்டின் கிராமங்களை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். சென்ற வாரம் என் மனைவி, "இந்த நாட்டில் ஓர் ஊரையாவது நாம் ஆற அமரப் பார்த்திருக்கிறோமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் மூன்று நாள் விடுப்பு இருக்கிறது. ஒரே ஊரில் தங்க வேண்டும். காலையில் இரண்டு சைக்கிளில் கிளம்பி, பிடித்த இடத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். எனக்கு 49, அவளுக்கு 45. கால்வாய்க் கரையில் 15 கிலோமீட்டர் வரை ஓட்டிய பழக்கம் உண்டு; பெரிய மேடுகள் ஏறியதில்லை. அவள் சைவம். எந்தப் பக்கம் போகலாம்? ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா? கிராமச் சாலைகளில் கார்கள் எப்படி?

காவிரிக்கரை | ஏப்ரல் 14, இரவு 10.05

வாழ்த்துகள் நண்பரே. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று நாள் முழுவதும் ஒரே ஊரைச் சுற்றுவது ரயில் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் நியாயம் செய்யாது. நாளுக்கு 60 கிலோமீட்டர் வைத்துக்கொண்டு ஊர் மாறி ஊர் தங்குங்கள். தென்மேற்கு இங்கிலாந்தின் குன்றுப் பகுதியான காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், ஆட்டு மந்தைகள், கல் அடுக்கிய வேலிகள். ஒரு மாதம் பயிற்சி எடுத்தால் 60 எளிதில் வரும்.

செம்பருத்தி | ஏப்ரல் 15, காலை 6.50

மெதுமிதி அண்ணா, நான் இப்ஸ்விச்சில் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணி முடிந்த வாரங்களில் மனம் தெளிய நான் போகும் இடம் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துத் தென்பகுதி. பதினொரு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில், அங்கே இருக்கும் லாவனம் என்ற சின்ன ஊர்.

முதலில் மேடு பற்றி. காவிரிக்கரை அண்ணன் சொல்லும் காட்ஸ்வோல்ட்ஸ் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உச்சி 330 மீட்டர். சஃபோக் மாவட்டம் முழுவதிலும் மிக உயரமான இடமே 128 மீட்டர். அதற்காகத் தட்டையான நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெட் என்ற சிற்றாறு அறுத்த பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரும் ஓடைக்கு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கும். எல்லாம் சின்ன ஏற்றங்கள். மூச்சு வாங்கத் தொடங்கும்போது முடிந்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் ஐந்து நிமிடம்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி மார்க்ஸ் டேயில் மாறுங்கள். அங்கிருந்து சட்பரிக்கு ஒற்றைத் தடக் கிளை ரயில், இருபது நிமிடம். வழியில் சேப்பல் என்ற இடத்தில் 32 வளைவுகள் கொண்ட செங்கல் பாலத்தின் மேல் ரயில் போகும். 1840களில் சுமார் 70 லட்சம் செங்கற்களால் கட்டினார்கள். வேலை நாட்களில் லண்டன் நெரிசல் நேரத்தில் மடக்காத சைக்கிளை ஏற்றவிட மாட்டார்கள், அந்த நேரங்களைத் தவிர்த்துவிடுங்கள். சட்பரியிலிருந்து லாவனம் நேர்வழியில் 11 கிலோமீட்டர்.

லாவனம் ஏன் அப்படியே நிற்கிறது என்பதை அறிந்துகொண்டு போனால் பார்க்கும் கண் மாறும். 1524 வரிக் கணக்கில் இங்கிலாந்தின் பெரும் பணக்கார ஊர்களில் பதினான்காவது இடம் இந்தச் சின்ன ஊருக்கு. எல்லாம் கம்பளித் துணி தந்த பணம். நீலச் சாயம் தோய்த்த கனத்த துணி கடல் கடந்து போனது. துணி வணிகர் தாமஸ் ஸ்பிரிங் 1523 இல் இறக்கும்போது தேவாலயக் கோபுரத்துக்குப் பணம் எழுதிவைத்துவிட்டுப் போனார். 43 மீட்டர் உயரம். வயல்களுக்கு நடுவே எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், வழி தவறினால் அதுவே அடையாளம். பிறகு டச்சு அகதிகள் கோல்செஸ்டரில் மெல்லிய, மலிவான துணி நெய்யத் தொடங்கியதும் இங்கே தறிகள் ஓய்ந்தன. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. அதனால்தான் ஐந்நூறு ஆண்டு மரச்சட்ட வீடுகள் கோணல்மாணலாகச் சாய்ந்தபடி இன்றும் மனிதர் வாழும் வீடுகளாக இருக்கின்றன. வறுமை காத்த அழகு அது. தெருவில் நிற்கும்போதெல்லாம் வேலையிழந்த அந்த நெசவாளர்களை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சுற்று வழிகளை இன்று மாலை எழுதுகிறேன்.

நிலாமுற்றம் | ஏப்ரல் 15, பகல் 12.40

நானும் இந்த இழையைத் தொடர்கிறேன். நாற்பது வயதில்தான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். எனக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். கிராமச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர் என்கிறார்கள். இருபுறமும் வேலி, ஒரே தடம், ஒதுங்க இடமில்லை. அங்கே எப்படி நிம்மதியாக ஓட்டுவது? தயவுசெய்து சமாதானத்துக்காகச் சொல்லாமல் உள்ளபடி சொல்லுங்கள்.

செம்பருத்தி | ஏப்ரல் 15, மாலை 7.15

அக்கா, நல்ல கேள்வி. உள்ளபடியே சொல்கிறேன். சட்டம் 60 மைல் என்பது உண்மை. ஆனால் உண்மையிலேயே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சந்துகளில் வளைவுக்கு வளைவு எதிரே என்ன வரும் என்று தெரியாததால் உள்ளூர்க்காரர்கள் அந்த வேகத்தில் ஓட்டுவதில்லை. ஆபத்து நடுத்தரச் சாலைகளில்தான். இந்தப் பகுதியில் ஏ1141 அப்படிப்பட்டது. வரைபடத்தில் சாதாரணமாகத் தெரியும், ஆனால் வளைந்து வளைந்து போகும், கார்கள் வேகமாக வரும். கைப்பேசியின் வழிகாட்டி குறுக்குவழி என்று அதில்தான் தள்ளும். நம்பாதீர்கள். ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 196 ஆம் எண் வரைபடத் தாள் வாங்குங்கள். 1:25,000 அளவு; ஒவ்வொரு வேலியும் தெரியும். அதில் மஞ்சள் நிறத்தில் மெல்லியதாக இருக்கும் பெயரில்லாத கோடுகள்தான் நம் சாலைகள். சில சந்துகளில் 'அமைதிச் சாலை' என்ற பலகை இருக்கும். நடப்பவர், குதிரை, சைக்கிள் எல்லாரும் பகிர வேண்டிய சாலை என்று பொருள்.

2022 இல் திருத்திய சாலை விதிகளின்படி, கார்கள் நம்மைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும். ஓரமாக ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒட்டினால் மிச்சமிருக்கும் இடுக்கில் கார்கள் நுழையப் பார்க்கும். தடத்தின் நடுவில் ஓட்டி, ஒதுங்க இடம் வந்ததும் நின்று வழி விடுங்கள். கை காட்டி நன்றி சொல்வார்கள்.

குதிரை வந்தால் பெல் அடிக்காதீர்கள், மிரளும். வேகத்தைக் குறைத்து தூரத்திலிருந்தே வாய்விட்டு வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரைக்கு வருவது ஆள்தான் என்று புரிந்துவிடும்.

மண்வழிகளில் அம்புக்குறி பாருங்கள். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைவழி; 1968 சட்டப்படி சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழி விட வேண்டும். இது களிமண் பூமி. மழை பெய்த மறுநாள் நீல அம்பை மறந்துவிடுங்கள், சக்கரத்தில் மண் அப்பிச் சுற்றாது.

என் விருப்பமான சுற்று இது: லாவனம், பிரெஸ்டன், கெட்டில்பாஸ்டன், செல்ஸ்வர்த், கெர்ஸி, லிண்ட்ஸி, மில்டன், மீண்டும் லாவனம். சுமார் 30 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று ஓட்டினால் இரண்டரை மணி நேரம். ஜூன் முதல் வாரத்தில் பகல் வெளிச்சம் பதினாறு மணி நேரம் இருக்கும். மீதி நேரத்தில் என்ன செய்வது என்று காவிரிக்கரை அண்ணன் கேட்பார். உட்காரலாம் அண்ணா. அதற்குத்தானே போகிறோம்.

வல்வையான் | ஏப்ரல் 16, காலை 8.30

தம்பி மெதுமிதி, பிள்ளை செம்பருத்தி எழுதியது அத்தனையும் சரி. எனக்கு 68 வயது. யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் ஒரு றலி சைக்கிள் இருந்தது. நொட்டிங்ஹாமில் செய்த வண்டி என்று முன்புறச் சின்னத்தைத் துடைத்துத் துடைத்துக் காட்டுவார். இந்த நாட்டுக்கு வந்து பல காலம் கழித்துப் பழைய றலி ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து வைத்திருக்கிறேன். பின்சக்கரக் குடத்துக்குள் மூன்று கியர், ஸ்டர்மி ஆர்ச்சர். 1902 இல் வந்த ஏற்பாடு. மழை, மண் எதுவும் உள்ளே போகாது. அந்த மூன்று கியரோடு நான் சஃபோக் முழுக்கச் சுற்றியிருக்கிறேன், ஆகவே வண்டி பழையது, கியர் போதாது என்ற கவலை வேண்டாம். மனைவிக்கு இருக்கை பொருந்துகிறதா என்பதை மட்டும் இப்போதே பாருங்கள். புது இருக்கையோடு பயணம் கிளம்புவது புதுச் செருப்போடு கதிர்காமம் நடப்பது போல.

ஓர் எச்சரிக்கை. கெர்ஸியில் தெரு இருபுறமிருந்தும் சரிந்து இறங்கும். அடியில் ஓடை சாலையின் குறுக்கே ஓடுகிறது, மேலே பாலம் கிடையாது. கார்களும் தண்ணீரில் இறங்கித்தான் போகின்றன. பார்த்தால் கணுக்கால் அளவுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் மிதித்துக்கொண்டே இறங்கினேன். அடியில் பாசி. சக்கரம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் கட்டு. பக்கத்தில் நடப்பவர்களுக்குச் சின்னப் பாலம் இருக்கிறது. இறங்கி அதில் தள்ளிக்கொண்டு போங்கள்.

காவிரிக்கரை | ஏப்ரல் 16, இரவு 9.45

செம்பருத்தி தங்கைக்கு: என்னைச் சரியாகவே புரிந்து வைத்திருக்கிறீர்கள், ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். தூரம் எனக்குப் பெருமைக்காக இல்லை. ஒரே நாளில் சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள் முடிந்து, செங்கல் தொடங்கி, பிறகு சுண்ணாம்புக்கல் ஆகும்போது, காலடியில் மண் மாறுவதை உடம்பால் உணர்கிறேன். ஒரே ஊரில் இருந்தால் அது கிடைக்காது. 1878 இல் இந்த நாட்டில் சைக்கிள் பயணக் கழகம் தொடங்கியபோது அவர்கள் ஆசைப்பட்டதும் இதைத்தான். ஊர் ஊராகச் சத்திரங்களோடு விலை பேசி, சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தைச் சுவரில் மாட்டிவைத்தார்கள். பழைய விடுதிகள் சிலவற்றில் இன்றும் அதைக் காணலாம்.

இன்னொன்று. லாவனத்தில் வாரக் கடைசியில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும். பகல் 11 முதல் 4 வரை சந்தைத் திடலில் நிற்கவே இடமிருக்காது. அங்கே தூங்க மட்டும் தூங்குங்கள்.

செம்பருத்தி | ஏப்ரல் 17, காலை 7.05

மண் மாறுவது பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன் அண்ணா. அந்தக் கண்ணோடு நான் ஓட்டியதில்லை. ஆனால் மூச்சுத் திணறுகிறவருக்கு மண் தெரியாது; மெதுமிதி அண்ணாவுக்கும் அண்ணிக்கும் இது முதல் பயணம்.

வாரக் கடைசிக் கூட்டம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. திங்கள் முதல் புதன் வரை போங்கள். ஒரு சிரமம்: கிராமத்துச் சாப்பாட்டு விடுதிகள் பலவும் திங்களன்று மூடியிருக்கும். பகல் இரண்டரைக்கு மேல் சமையலறையும் மூடிவிடும். முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், கையில் எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ இருக்கட்டும். சைவத்துக்குச் சீஸும் ஊறுகாயும் வைத்த ரொட்டி, சுட்ட உருளைக்கிழங்கு, சூப் எங்கும் கிடைக்கும். சூப்பில் என்ன வேகவைத்த நீர் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். காய்கறி சூப்பிலும் கோழி ரசம் இருக்கலாம்.

மெதுமிதி | ஜூன் 9, இரவு 10.30

போய் வந்துவிட்டோம். உங்கள் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

திங்கள் காலை பத்தரைக்குச் சட்பரியில் இறங்கினோம். வாடகை சைக்கிளில் ஒன்றுக்குப் பின் பிரேக் பிடிக்கவில்லை. கடையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய் மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. வாடகைக்கு எடுப்பவர்கள் கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

பழைய ரயில் தடத்தில் அமைத்த பாதையில் ஸ்டூர் ஆற்றோரம் லாங் மெல்ஃபர்ட் பக்கம் போனோம். ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றமே இல்லை. என் மனைவியின் தோள்கள் அங்கேதான் தளர்ந்தன. லாங் மெல்ஃபர்ட் தேவாலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ளங்கையளவு வட்டம் ஒன்று. மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காது, ஆனால் எண்ணினால் மொத்தமே மூன்று காதுதான். அவள் அதன் அடியில் அரைமணி நேரம் நின்றாள். கோலம் போடுகிறவளுக்கு அது எப்படி வரைந்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்காமல் நகர முடியவில்லை. அன்றிரவு அறையில் விடுதித் தாளில் வரைந்தே விட்டாள்.

செவ்வாயன்று செம்பருத்தி சொன்ன சுற்று. 30 கிலோமீட்டருக்கு ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டோம். பிரெஸ்டனுக்குப் பிறகு உயிர்வேலி இரண்டு ஆள் உயரம். காட்டு ரோஜா அதன் மேல் படர்ந்திருக்கிறது. வேலி முடிகிற இடத்தில் திடீரென்று பார்லி வயல் திறக்கும். காற்று அடிக்கும்போது பார்லிக் கதிர் நெற்கதிர் போல் ஆடுவதில்லை. நீண்ட மயிர் இருப்பதால் வெளிச்சம் ஓடுகிறது. மேலே வானம்பாடி. ரயில் கண்ணாடிக்குள் உட்கார்ந்து இத்தனை ஆண்டு இந்தக் குரலைக் கேட்காமல் இருந்தேனே என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

கெட்டில்பாஸ்டன் தாண்டி ஒரு வளைவில் இரண்டு குதிரைகள் வந்தன. மனைவி நின்று உரக்க வணக்கம் சொன்னாள், பதற்றத்தில் தமிழிலேயே. குதிரைகள் அமைதியாக நடந்தன. ஒரு குதிரையின் மேலிருந்த பெண் இறங்கி வந்து, என்ன மொழி என்று கேட்டு, அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

கெர்ஸியில் வல்வையான் ஐயாவின் மணிக்கட்டை நினைத்துக்கொண்டு இறங்கித் தள்ளினோம். வாத்துகள்தான் தண்ணீரில் குறுக்கே போயின. கம்பளித் துணியில் ஒரு வகைக்கு 'கெர்ஸி' என்று பெயர் உண்டே, அது இந்த ஊரிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள்.

ஆனால் நான் மறக்க முடியாதது லிண்ட்ஸி பக்கத்தில் சாலையோரம் இருக்கும் புனித ஜேம்ஸ் சிற்றாலயம். பதிமூன்றாம் நூற்றாண்டுக் கட்டடம். சிக்கிமுக்கிக் கல் சுவர், மேலே வேய்ந்த கூரை. 1547 இல் வழிபாடு நின்றுபோய், பிறகு 1930 வரை தானியம் போடும் களஞ்சியமாக இருந்ததாம். உள்ளே ஒன்றுமே இல்லை. கதவைத் தள்ளினால் குளிர்ந்த இருட்டு, கல் வாசனை. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் பூசை நின்றுபோன ஒரு சிவன் கோயில் இருக்கிறது, சிறுவயதில் மழைக்கு ஒதுங்குவோம். அதே குளிர். நாங்கள் இருவரும் சோற்றுப் பொட்டலத்தை வெளியே புல்லில் வைத்துவிட்டு உள்ளே பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

புதன்கிழமை கிளேர், கேவண்டிஷ் போவதாகத் திட்டம். மேற்கே போக வேண்டும். தென்மேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு கிலோமீட்டரில் திரும்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மறுபடி செல்ஸ்வர்த் போனோம். அங்கே பிரெட் ஆற்றின் மேல் இரட்டைத் திமில் போல ஒரு பழைய பாலம். ஆறு என்கிறார்கள், எங்கள் ஊர் வாய்க்காலைவிடச் சிறியது. அதன் கைப்பிடிச் சுவரில் காலைத் தொங்கவிட்டு, மதியம் வரை இருந்தோம். மூன்று கார்கள், ஒரு டிராக்டர், தபால்காரர். வேறு யாரும் வரவில்லை. இருபது ஆண்டுத் திருமண வாழ்வில் அவள் தன் பள்ளித் தோழியைப் பற்றி என்னிடம் சொன்னது அன்றுதான்.

காவிரிக்கரை | ஜூன் 9, இரவு 11.10

நெகிழ்ந்துவிட்டேன் மெதுமிதி. கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை, அடுத்த ஞாயிறு நான் 140 கிலோமீட்டர் போகிறேன். ஆனால் லிண்ட்ஸியை வழியில் சேர்த்துவிட்டேன். அந்தச் சாலையில் குறைந்தது நான்கு முறை போயிருக்கிறேன். கதவைத் திறந்ததே இல்லை.

வல்வையான் | ஜூன் 10, காலை 7.40

தம்பி, பாலத்தில் உட்கார்ந்த கதைக்கு நன்றி. மனைவி வரைந்த முயல் கோலத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பேத்திக்குக் காட்ட வேண்டும்.

நிலாமுற்றம் | ஜூன் 10, பகல் 1.15

படித்து முடித்ததும் செப்டம்பர் இரண்டாம் வாரம் லாவனத்தில் அறை பதிவு செய்துவிட்டேன். தனியாகத்தான் வருகிறேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

செம்பருத்தி | ஜூன் 10, மாலை 6.30

அக்கா, மிகுந்த மகிழ்ச்சி. செப்டம்பரில் ஒரு தொல்லை உண்டு. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் முதல் ஆகஸ்ட் கடைசி வரை வயல் வேலிகளை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் எல்லா விவசாயிகளும் வெட்டத் தொடங்குவார்கள். முள் சாலை முழுக்கச் சிதறிக் கிடக்கும், பஞ்சர் நிச்சயம். இரண்டு ட்யூப், பம்ப், டயர் நெம்பும் கரண்டி கொண்டு வாருங்கள். புது வெட்டு தெரிந்தால் இறங்கி நடந்துவிடுங்கள். அதற்கு ஈடாக வேலி எங்கும் கருப்பு நாவல் நிறத்தில் பிளாக்பெர்ரி பழுத்திருக்கும், பறித்துத் தின்னலாம்.

அந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, தேவாலயங்களைப் பழுதுபார்க்க நிதி திரட்ட மக்கள் கோயில் கோயிலாகச் சைக்கிளில் போவார்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் சில ஆலயங்களும் அன்று திறந்திருக்கும். தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள். அன்று எனக்கும் விடுப்பு. நீங்கள் வரும் ரயிலின் நேரத்தை மட்டும் எழுதுங்கள். சட்பரி நிலைய வாசலில் சைக்கிளோடு நிற்கிறேன்.